சொந்த மோடம் என்று எழுதி மூடிய முறைப்பாடு

பதுளைத் தொலைபேசித் திருத்தப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். கம்பம் ஏறுவதையும் கேபிள் இணைப்பதையும் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை அட்டையை நிரப்புவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதை யாரும் சொல்லித் தருவதில்லை, பார்த்துப் பழகிக்கொள்கிறோம்.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை சட்டைப்பையில் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தேன். போன இடம், போன நேரம், மழையா வெயிலா, செய்த வேலை என்ன என்று ஒவ்வொரு நாளும் எழுதினேன். கீழே வரும் நேரங்கள் எல்லாம் அதிலிருந்து எடுத்தவை. திகதிகளை விட்டுவிடுகிறேன், இதில் வரும் குடும்பம் இன்னும் அதே தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் இருக்கிறது. கிழமைகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன். கிழமை தெரியாமல் இந்த விஷயம் விளங்காது.

டொலர் தட்டுப்பாட்டில் இறக்குமதி நின்றுபோயிருந்த வருஷம் அது. மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில் முத்தையா என்பவர் இருந்தார். தேயிலைப் பெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி மாரியாயி கொழுந்து எடுக்கிறவர். தோட்டத்து ஆபீசுக்குப் போகும் கேபிள் அவர்களுடைய லயத்துக்கு மேலால் போவதால் அவர்களுக்கும் ஒரு லைன் கிடைத்திருந்தது, அதிலேயே இணையமும் இருந்தது. கைபேசிச் சிக்னல் அந்தப் பள்ளத்துக்குள் எட்டவே எட்டாது.

சித்திரை மாதத்து இடி உங்களுக்குத் தெரியும். ஒரு பின்னேரம் விழுந்த இடியில் நிறுவனம் கொடுத்திருந்த மோடம் கருகிப் போனது. மாற்றிக் கொடுக்க எங்கள் களஞ்சியத்தில் ஒன்றுகூட இல்லை. "ஸ்டொக் வந்ததும் தருவோம், அதுவரை வெளியே ஒன்று வாங்கிப் போடச் சொல்லுங்கள்" என்று மேலிடத்திலிருந்து வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வருஷம் எத்தனை வீட்டில் அந்த வசனத்தைச் சொன்னேன் என்று கணக்கில்லை. முத்தையாவிடமும் சொன்னேன்.

"சொந்தமா வாங்கினா பின்னால ஒண்ணும் பிரச்சின வராதுங்களே சேர்?" என்று கேட்டார்.

"என்ன பிரச்சினை வரப்போகுது? பொட்டி யாரு பொட்டியா இருந்தா என்ன, லைன் எங்க லைன்தானே" என்றேன்.

இதை நான் சொன்னேன் என்பதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டேன்.

பதுளைக் கடைகளில் மோடம் இருந்த விலைக்கு அவர்களால் வாங்க முடியவில்லை. மகள் தவமணி வாங்கி அனுப்பினாள். அவள் மத்திய கிழக்கில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். அங்கிருந்து ஊர் திரும்பிய பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணொருத்தி அதைச் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், அதைப் பொருத்திக் கொடுக்கப் போனேன். பெட்டிக்குள் இருந்த மெனு முழுக்க அரபு.

"என்ன சேர், பொட்டி நம்மள விட்டுட்டு வேற யாரோடயோ பேசுது?" என்றார் முத்தையா.

"அவ அங்க அரபு பேசுறா, அவ வாங்கின பொட்டியும் பேசட்டும். நீங்க கொஞ்சம் பேசாம இருங்க, அந்தத் தம்பி வேலயப் பாக்கட்டும்" என்றார் மாரியாயி.

ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஆனது. பச்சை விளக்கு நின்று எரிந்ததும் மாரியாயி பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "பொட்டி வந்து சேந்திருச்சி. பொண்ணு எப்ப வருவாளோ" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த வழியில் வேறொரு வேலைக்குப் போனபோது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஏறினேன். அப்போதுதான் தவமணி பேசிக்கொண்டிருந்தாள். கைபேசியை என்னிடம் கொடுத்தார்கள். முக்காடு போட்ட மெலிந்த முகம், பின்னால் ஒரு சமையலறையின் வெள்ளைச் சுவர்.

"அண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். வெள்ளிக்கெழம மட்டுந்தான் அண்ணே இவங்க எல்லாரும் வெளிய போவாங்க. நம்ம நேரம் நாலரையிலருந்து ஒரு மணித்தியாலம். அதுக்குள்ள பேசுனாத்தான். இந்த போனு இருக்கிறதே இவங்களுக்குத் தெரியாது."

அவளிடம் இருந்தது யாரோ தூக்கிப்போட்ட பழைய போன். சிம் கிடையாது. அந்த வீட்டு வைஃபையில் மட்டும் வேலை செய்யும். இங்கே பெற்றோரிடம் இருந்ததும் அவள் முன்பு அனுப்பிய, சிம் போடாத போன்தான். ஆக, அவளுக்கும் அவர்களுக்கும் இடையில் இருந்தது வெள்ளிக்கிழமை ஒரு மணித்தியாலமும் அந்தப் பச்சை விளக்கும் மட்டுமே. அந்த ஒரு மணித்தியாலத்துக்காக மாரியாயி வெள்ளிக்கிழமைகளில் அரைப் பேரோடு மலையிலிருந்து இறங்கிவிடுவார். அரை நாள் சம்பளம் போகும். இதெல்லாம் எனக்கு ஆனி மாதமே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நான்கு மாதம் நன்றாக ஓடியது. ஐப்பசி மழை பிடித்த ஒரு திங்கட்கிழமை, இணையம் இல்லை என்று அவர்களிடமிருந்து முறைப்பாடு வந்தது. மறுநாள் செவ்வாய், பிற்பகல் இரண்டு பத்துக்கு நான் அங்கே போனேன். அன்று என் பட்டியலில் பதினேழு முறைப்பாடுகள். அவற்றில் ஒன்று தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவினுடையது. துரை ஏற்கெனவே இரண்டு தடவை பிராந்திய அலுவலகத்துக்குப் பேசியிருந்தார். கீழே ரோட்டில் வேனை நிறுத்தும்போதே எங்கள் பொறுப்பதிகாரியின் அழைப்பு வந்தது.

"பங்களாவுக்குப் போயாச்சா?"

"வழியில லயத்துல ஒரு வேலை இருக்கு சேர், முடிச்சிட்டு..."

"லயம் எங்கயும் ஓடிப் போகாது. துரை என்னயக் கடிக்கிறார். சட்டுனு போங்க."

ரோட்டிலிருந்து லயத்துக்கு நூற்று நாற்பது படி. மழை கொட்டியது. வேனில் சோதனை மோடம் ஒன்று இருந்தது. வாடிக்கையாளரின் மோடத்தைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுப் பார்த்தால் கோளாறு பெட்டியிலா லைனிலா என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். நனைந்துவிடும் என்று அதை வேனிலேயே வைத்துவிட்டு ஏறினேன்.

வீட்டில் முத்தையா மட்டும் இருந்தார். தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தேன். டயல் டோன் வந்தது, கொஞ்சம் இரைச்சலோடு. மோடத்தைப் பார்த்தேன். விளக்கு நிற்காமல் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"லைன் இருக்கு. பொட்டிதான் போயிருச்சி" என்றேன்.

"அது எப்படிங்க சேர்? ஞாயித்துக்கெழம வரைக்கும் நல்லாத்தானே இருந்திச்சி. மழ விழுந்த ஒடனதான் விட்டு விட்டு வர ஆரம்பிச்சிது."

நின்று கேட்டிருக்க வேண்டிய வார்த்தை அதுதான். மழையோடு வரும் கோளாறு வீட்டுக்குள் இருக்கும் பெட்டியில் இருப்பதில்லை, வெளியே நனைகிற இடத்தில்தான் இருக்கும். முதல் வருஷக்காரனுக்கே தெரிந்த விஷயம். லைனில் குரல் வருகிறது என்பதற்காக இணையமும் வரும் என்று அர்த்தமில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். இரண்டும் எனக்குத் தெரியும். என் மனம் பங்களாவில் இருந்தது.

"வெளிநாட்டுப் பொட்டிண்ணே, நம்ம ஊரு குளிருக்கும் ஈரத்துக்கும் தாங்காது. வேற ஒண்ணு பாருங்க."

"வெள்ளிக்கெழமைக்குள்ள ஆகுமா சேர்?"

"அது நீங்க வாங்குறதப் பொறுத்தது."

அட்டையில் 'கோளாறு: வாடிக்கையாளரின் சொந்த மோடம்' என்று எழுதினேன். அந்தக் குறிப்பு விழுந்தால் முறைப்பாடு அங்கேயே மூடப்படும், நிறுவனத்துக்கு வேறு பொறுப்பு இல்லை. அந்த வருஷம் பட்டியலைக் குறைக்க நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்தோம். வெளியே வாங்குங்கள் என்று சொன்னதும் நாங்கள், வெளியே வாங்கியது என்று எழுதி மூடியதும் நாங்கள். முத்தையா அட்டையில் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குள் நுழைந்தது இரண்டு பத்து, வெளியேறியது இரண்டு பதினான்கு.

பங்களாவில் என்ன கோளாறு என்றும் எழுதி வைத்திருக்கிறேன். யாரோ இஸ்திரிப் பெட்டி போடுவதற்காக மோடத்தின் பிளக்கைக் கழற்றியிருந்தார்கள். அங்கே நாற்பது நிமிஷம் இருந்தேன். தேநீர் கொடுத்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை போனது. சனிக்கிழமை முத்தையா மோடத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பதுளைக்கு வந்து ஒரு கடையில் காட்டியிருக்கிறார். கடைக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு இதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை மறுபடி முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் இருந்தவர் கணினியைப் பார்த்தார், போன வாரம் நான் எழுதிய குறிப்பு இருந்தது. ஆளை அனுப்பாமலே தொலைபேசியில் பதில் சொல்லி மூடிவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என் எழுத்தை நம்பினார். அடுத்த வெள்ளிக்கிழமையும் போனது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு முத்தையா எங்கள் கவுண்டரில் நின்றார். துவாய்த் துண்டில் சுற்றிய மோடத்தைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். நான் உள்ளே அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"கடக்காரர் நல்லா இருக்குங்கிறார். நீங்க கெட்டுப் போச்சுங்கிறீங்க. பொட்டி ஒண்ணுதானே. நான் யாரு பேச்சக் கேக்கிறது?"

கவுண்டரில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்து, "ஐயா, இது ஒங்க சொந்த மோடம்னு போட்டிருக்கு, நாங்க..." என்று தொடங்கினாள்.

"சொந்தமா வாங்கச் சொன்னது யாரும்மா? அதோ உள்ள நிக்கிறாரே, அவருதான்."

அவர் சத்தம் போடவில்லை. 

அவரை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். இந்தத் தடவை சோதனை மோடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படி ஏறினேன். போட்டேன். அதே சிமிட்டல். லைன் போகும் வழியே நடந்தேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒரு இணைப்பு மூடி வெடித்து, உள்ளே செம்பு பச்சை பிடித்துப் போயிருந்தது. வெட்டிப் புதிதாக இணைத்து மூட ஏழு நிமிஷம் ஆனது.

வீட்டுக்குள் வந்து தவமணி அனுப்பிய பெட்டியையே திரும்பப் போட்டேன். பன்னிரண்டு ஐந்துக்கு விளக்கு நின்று எரிந்தது. மாரியாயி மதியச் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து வந்திருந்தார். அலமாரி மேல் இருந்த கைபேசி ஒலிக்கத் தொடங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தது. மணி போல ஒரு சின்னச் சத்தம், நிற்கவே இல்லை.

"பாத்தீங்களா, புள்ள கூப்புடுறா" என்று மாரியாயி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடினார்.

அவள் கூப்பிடவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமையும் அவள் பேசி அனுப்பியிருந்த குரல் பதிவுகள் அவை. எப்படித் திறப்பது என்று தெரியாமல் என்னிடம் நீட்டினார்கள். நான்தான் ஒவ்வொன்றாக அழுத்தினேன்.

"அம்மா, எடுங்கம்மா. கூப்புட்டு கூப்புட்டுப் பாக்குறேன், போவ மாட்டேங்குது."

"அப்பா, கேளுங்க. இந்த ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயித்துக்கெழம என்னய மேடத்தோட தம்பி வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம். அந்த மனுசன் சரியில்லப்பா. இங்க வந்தப்பவே எங்கிட்ட... நான் போவ மாட்டேன். நீங்க ஏஜென்சிக்குப் போயி சொல்லுங்க. அக்ரிமெண்டுல இந்த வீடு மட்டுந்தான் இருக்கு. ஏஜென்சி பேசுனா இவங்க பயப்புடுவாங்க. ஞாயித்துக்கெழமைக்கு முன்ன போங்கப்பா."

அது முதல் வெள்ளிக்கிழமை. அடுத்த வெள்ளிக்கிழமை அனுப்பியவற்றில் குரல் தாழ்ந்திருந்தது.

"போனீங்களாப்பா? ஏன் ஒண்ணுமே சொல்லல? வீட்டுல யாருக்கும் சொகமில்லையா? எம் மேல கோவமா?"

கடைசிப் பதிவு மட்டும் சனிக்கிழமை, வீட்டில் ஆட்கள் இருக்கும்போதே ஒளித்துப் பேசியது. பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம். "நாளைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. சாமானெல்லாம் சோதிப்பாங்க, இந்த போன எடுத்துருவாங்க. அம்மாவப் பாத்துக்கங்கப்பா."

முத்தையா என்னைப் பார்த்தார். "இன்னிக்கி என்ன கெழம சேர்?" என்று கேட்டார். அவருக்குத் தெரியும். காலையில் அவர்தானே கவுண்டருக்கு வந்தார்.

"செவ்வாய்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் டயல் டோனைக் கேட்டுவிட்டு இறங்கிப் போன செவ்வாய்க்கும் அந்த ஞாயிறுக்கும் இடையில் பன்னிரண்டு நாள் இருந்தது. ஏழு நிமிஷ வேலை.

மாரியாயி மட்டும் ஒன்று கேட்டார். "இந்தப் போன பதுளைக்குக் கொண்டு போயிருந்தா, அந்தக் கடையில கேட்டிருக்குமா தம்பி?"

கேட்டிருக்கும். எந்த வைஃபையில் போட்டிருந்தாலும் வந்திருக்கும். அதையும் வீட்டுத் தொலைபேசி மாதிரிதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அழைப்பு வீட்டுக்கு வரும், வீட்டில் உள்ள பெட்டிக்குள்தான் வரும் என்று. அதனால்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள், போனை அலமாரி மேலேயே வைத்துவிட்டார்கள். ஆனி மாதம் ஒன்றே முக்கால் மணித்தியாலம் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

அன்று மாலையே முத்தையாவை, தவமணியை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்தவர் பதிவைக் கேட்கவே விரும்பவில்லை. "மகள் ரெண்டு வாரத்துக்கு முந்தி சொன்ன விஷயத்துக்கு இன்னிக்கி வாறீங்க. குடும்பத்துல ஒருத்தரும் ஆட்சேபிக்கல்லன்னு நாங்க எழுதிட்டோம்" என்றார். லைன் வேலை செய்யவில்லை என்று முத்தையா சொன்னார். "அதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் அவர்.

எழுத்தில் இருந்தது என் அட்டை. லைன் நல்லது, பெட்டி கெட்டது என்று முத்தையாவின் கையெழுத்தோடு இருந்தது.

லைன்தான் பழுது, முதல் நாள் நான் எழுதியது பிழை என்று ஒரு கடிதம் தரும்படி முத்தையா கேட்டார். இங்கே இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதத்தை எழுத நான் நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். பொறுப்பதிகாரியிடம் கேட்டேன். "அட்டையில இருக்கிறதுதான் ரெக்கோர்ட். பென்ஷனுக்கு எவ்வளவு காலம் இருக்கு உங்களுக்கு?" என்றார். அவர் மிரட்டவில்லை, உண்மையிலேயே எனக்காகத்தான் கேட்டார். ரயில் விபத்து, அணை உடைவு என்று பழைய விசாரணை அறிக்கைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அநேகமாக ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு பக்கத்தில், சரியாக நிரப்பிக் கையெழுத்திட்ட ஒரு படிவம் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் யார் இந்த மனிதன் என்று நினைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, ஒரு சம்பள உயர்வு நின்றது. என் கடிதத்தால் நடந்தது இவ்வளவுதான்: குடும்பம் ஆட்சேபிக்கவில்லை என்று ஏஜென்சி அதற்குப் பிறகு சொல்ல முடியவில்லை, கொழும்பில் ஒரு கோப்புத் திறந்தார்கள். அவள் இரண்டாவது வீட்டிலிருந்து ஓடிப்போய்விட்டாள் என்று அந்த நாட்டிலிருந்து பதில் வந்தது. எங்கே என்று யாருக்கும் தெரியாது. நான்கு நாளைக்கு முன்பே கொடுத்திருந்தால் ஓடுவதற்கு முன் கண்டுபிடித்திருப்பார்களா என்று மூன்று அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். மூன்றிலும் அப்படிச் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை அங்கே போகிறேன். முத்தையா என்னை உட்காரச் சொல்கிறார், தேநீர் தருகிறார், கோப்பைப் பற்றிப் பேசுகிறார். மன்னித்துவிட்டதாகச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மாரியாயி வெள்ளிக்கிழமைகளில் இன்னும் அரைப் பேரோடு இறங்கி வந்து நாலரையிலிருந்து ஐந்தரை வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கேயாவது அவளுக்கு ஒரு போன் கிடைத்தால் அந்த நேரத்தில்தான் கூப்பிடுவாள் என்பது அவருடைய நம்பிக்கை. அதை மறுத்துப் பேச எனக்கு உரிமை இல்லை.

இனி எனக்குக் கம்பம் ஏற அனுமதி இல்லை, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். அந்த டிவிஷனுக்கு இன்னும் பழைய செம்புக் கேபிள்தான் போகிறது. ஒவ்வொரு மழைக்கும் எங்காவது அறும். முத்தையா என்ற பெயர் உங்கள் பட்டியலில் வரும். பக்கத்திலேயே 'சொந்த மோடம்' என்று என் குறிப்பும் வரும். அதை நீக்கச் சொல்லி இரண்டு தடவை எழுதிக் கேட்டேன், பழைய பதிவை அழிக்க முடியாது என்கிறார்கள். அதைப் படிக்காதீர்கள். சோதனை மோடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நூற்று நாற்பது படியும் ஏறுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் நாலரைக்கு முன்னால் போய்ச் சேருங்கள்.